செவலைக்குப் போட்ட ஊசி

— தண்ணி. வெறும் தண்ணியத்தேன் ஊசியில அடைச்சுக் குத்திட்டுப் போயிருக்கீக. இல்லைன்னா எஞ்செவலை இப்பிடி வாயில கோழை ஒழுகக் கிடக்குமா டாக்டரம்மா?

— அய்யா, சத்தத்த அப்புறம் போடுங்க. நாயைக் கட்டியிருக்கிற சங்கிலி கெட்டியா இருக்கா? மோட்டார் ரூம் கதவைச் சாத்துங்க மொதல்ல.

— சாத்தியாச்சு. அதுக்கு எந்திரிக்கவே தெம்பு இல்ல, ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நான் கேக்குறதுக்குப் பதிலச் சொல்லுங்க. ஆட்டோவுல மைக்கக் கட்டிக்கிட்டு வந்தீக. நாய்க்கு வெறிநோய் ஊசி போடுங்க, ஊசி போட்ட அடையாளம் இல்லாத நாயைப் பிடிச்சிட்டுப் போயிருவோம்னு தெருத்தெருவாக் கத்துனீக. கத்துனீகளா இல்லையா?

— கத்துனோம்.

— ஊசி ஏத்துனா நாய்க்கு மோப்பம் செத்துப்போகும், காட்டுப்பன்னி வந்து வாழைக் கிழங்கத் தோண்டுனாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துக் கிடக்கும்னு சுருளிப்பட்டியே சொல்லுச்சு. அம்புட்டு பேர் சொல்லியும் கேக்காம ஊசி போட்டேன், இந்தா பாருங்க கழுத்த, நீலக் கயிறு கிடக்கா?

— கிடக்கு. ஊசி போட்ட நாய்க்கெல்லாம் நீலக் கயிறுதான் கட்டுனோம். ஆனா இந்த நாயை எனக்கு ஞாபகம் வரலையே அய்யா.

— எப்பிடி வரும்? ஊர் நாய் பூராவையும் வரிசையில நிப்பாட்டிக் குத்துனா மூஞ்சியாப் பாத்திருப்பீக?

— ஐஸ் பெட்டியில வச்சு நானே என் கையால எடுத்துட்டு வந்த மருந்து. கெட்டுப்போக வாய்ப்பே இல்ல.

— ஐஸ் பெட்டியில மருந்துதேன் கிடந்துச்சா, சோடாவா?

— சரி, திட்டுங்க. கலெக்டர் வரைக்கும் போய்ப் புகார் குடுங்க, நானே கூட வர்றேன். இப்ப எனக்கு உங்க மருமகதான் முக்கியம். மகாலட்சுமி, கையைக் காட்டும்மா. எப்பக் கடிச்சது?

— காலையில டாக்டரம்மா. கஞ்சி ஊத்தப் போனேன். கஞ்சியில வாய் வைக்காம எங்கையக் கவ்விப்பிடுச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு அப்பியிருக்கேன்.

— அத மொதல்ல கழுவு. அந்தப் பைப்பத் திறந்து, சோப்பப் போட்டு, தண்ணி ஓட ஓட நான் போதும்னு சொல்ற வரைக்கும் கழுவு. கழுவிட்டு என் ஸ்கூட்டர்ல ஏறு. நேரா கம்பம் பெரியாஸ்பத்திரி. இன்னைக்கே ஊசி ஆரம்பிச்சாகணும்.

— கழுவிக்கிறேன். ஊசிக்கு வரல.

— என்ன பேசுற நீ?

— இப்பத்தேன் தங்கியிருக்கு டாக்டரம்மா. ரெண்டு தடவ கலைஞ்சு போயி, ஏறாத கோயில் ஏறி, இப்பத்தேன் நின்னுருக்கு. இந்த நேரம் பாத்து ஊசியக் குத்தி அதையும் எறங்க விடச் சொல்றீகளா?

— மாசமா இருக்கிறவங்களும் இந்த ஊசியப் போடலாம். போட்டே ஆகணும். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.

— செவலைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதேன மைக்குல சொன்னாக.

— அப்பிடிக் கேளு ஆத்தா. சொல்லுங்க டாக்டரம்மா, என் மருமக கேக்குறாள்ல.

— பெரியவரே, ஒரு உயிரை நடுவுல போட்டுக்கிட்டு பஞ்சாயத்தா பேசுறீங்க? இந்த நோய் தலைக்கு ஏறிருச்சுன்னா எந்த ஆஸ்பத்திரியாலயும் காப்பாத்த முடியாது. தண்ணியக் கண்டாலே தொண்டை இழுக்கும். அதப் பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன்.

— அவ வருவா. வரமாட்டான்னு நான் சொன்னேனா? உங்க மருந்து கள்ள மருந்துன்னு நீங்க ஒத்துக்கங்க, அவ வருவா.

— ஒத்துக்க மாட்டேன். போட்டது நல்ல மருந்து.

— அப்ப எஞ்செவலை நடிக்குதா? கூத்து கட்டுதா?

— விடுங்க மாமா. தொண்டையக் கிழிச்சுக்காதீக. டாக்டரம்மா, நீங்க கிளம்புங்க. எங்க மாமா செவலையோட காலப் பிடிச்சுக்கிட்டு நின்னு, ஊசி ஏறுனதக் கண்ணாலயே பாத்திருக்காக. நேத்துக்கூட டீக்கடையில சொன்னாக. அம்புட்டுப் பெரிய நாய்க்கே கேக்காத மருந்து எனக்கு எங்கிட்டுக் கேக்கும்?

— அது வேற மருந்து, இது வேறம்மா.

— குடுக்குற ஆளுக ஒண்ணுதேன.

— உன் வீட்டுக்காரர் எங்க? போன் போடு, நான் பேசுறேன்.

— வாழைக்காய் லோடோட கோட்டயம் போயிருக்காக. பேசிட்டேன். அப்பா என்ன சொல்றாரோ அதக் கேளுன்னுட்டாக.

— அப்ப என்ன பண்ணப் போற? சும்மா இருந்து சாகப் போறியா?

— குமுளிக்கு மேல ஒரு மலையில நாய்க்கடிக்கு வேர் குடுக்குறாகளாம். நாக்குல வச்சு, பத்தியம் இருந்தா போதுமாம். மொக்கம்மா அத்தை மகன் ஜீப் எடுத்துட்டு வாரான். அந்தா, வண்டிப்பாதையில வந்துக்கிட்டிருக்கான்.

— மகா, வேருக்குப் போகாத. வேர்ல எல்லாம் கேக்காது. போ, ஆஸ்பத்திரிக்கே போ.

— என்ன மாமா, இம்புட்டு நேரம் தண்ணி மருந்து, கள்ள மருந்துன்னீக.

— நான் ஆயிரம் சொல்லுவேன். நீ ஏறு.

— ஏற மாட்டேன் மாமா. நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல, எனக்குத் தெரியும். பயத்துல இப்ப மாத்திப் பேசுறீக. என்னையக் காப்பாத்துறேன்னு வயித்துல கிடக்குறதக் குடுத்துட்டு நான் யாருக்கு உக்காந்து பதில் சொல்ல?

— பெரியவரே, சொல்லுங்க அவகிட்ட. உங்க வார்த்தையத்தான் கேப்பா. ஜீப் வந்துருச்சு.

— சொல்லிக்கிட்டுத்தேன இருக்கேன். ஏலே, ஜீப்ப நிப்பாட்டுறா அங்கனயே. மகா, கதவுல கை வைக்காத.

— கைய விடுங்க மாமா. கேக்குற மருந்தா இருந்தா நானே ஓடிப் போய்ப் போட்டுக்க மாட்டேனா? ஊசி போட்ட நாய்தேன மாமா என்னையக் கடிச்சது?

— போடலத்தா. செவலைக்கு ஊசியே போடல. முகாம் அன்னைக்கு அத ஆத்தங்கரையில கொண்டு போய் மறைச்சுக் கட்டிப்போட்டேன். கழுத்துல கிடக்குறது நம்ம வாழைக்கு முட்டுக் கட்டுற கயிறு, நாந்தேன் கட்டுனேன்.