மிதவை ஊமையான ஆண்டு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஆய்வு நிலையத்தின் மேனாள் இயக்குநர் அவர்களே! அலையோடு மல்லுக்கட்டி ஆளாகி, இன்று முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் மூத்த படகோட்டிகளே! ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் அமர்ந்திருக்கும் அன்னையரே! வலை பின்னும் விரல்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து வந்திருக்கும் சகோதரர்களே! நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் நல்லவர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏழு ஆண்டு வாய் மூடி இருந்தவனுக்கு எட்டு நிமிடம்! தாராள மனசுதான்.

அதோ, முற்றத்தில் மஞ்சள் வண்ணம் பூசி நிற்கிறதே, அந்தப் புதிய மிதவை நாளைக் காலை கப்பலேறுகிறது. இங்கிருந்து மூன்று நாள் பயணத்தில் நடுக்கடலில் அதை நங்கூரமிடப் போகிறார்கள். "நாலு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க" என்றார்கள். வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை. காரணம், இன்று காலை என் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏழு வருஷமா உன்கிட்ட பேசல. இப்பவும் ஆசையில பேசல. நிலத்தை உழுது வச்சிருக்கேன். விதைக்கவா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

"சாயங்காலம் சொல்றேன்க்கா."

"அன்னைக்கும் இவ்வளவு யோசிச்சிருக்கலாமே!"

வைத்துவிட்டாள்.

நிலத்தில் விதைப்பவள் கேட்கிற கேள்விக்கு நீரில் மிதக்கிற இரும்பு எப்படிப் பதில் சொல்லும்? சொல்லும், ஐயா, சொல்லும்! கடலுக்குள் ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது. ஒரு நாட்டின் அளவுக்கு அகலமான வெந்நீர்ப் பரப்பு. பெரும்பாலான ஆண்டுகளில் அது நம் பக்கம் தங்கும். மேகம் நம்மைத் தேடி வரும். மழை நம் மண்ணில் இறங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இடம்பெயரும். மெல்ல, சத்தமில்லாமல், ஆயிரம் மைல் தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அது போனால் மேகம் போகும். மேகம் போனால் மழை போகும். மழை போனால் என்னென்ன போகும் என்று என் அக்காவைக் கேளுங்கள்!

அந்த இடப்பெயர்ச்சி முதலில் ஆழத்தில்தான் தெரியும். விண்ணிலிருந்து பார்க்கும் கருவி கடலின் தோலைப் பார்க்கிறது. மிதவையோ, அடியில் தொங்கும் கம்பியில் கோத்த வெப்பமானிகளால் கடலின் குடலைப் பார்க்கிறது. அங்கே சூடு ஏறினால், இங்கே வறட்சி வருகிறது என்று பொருள். நான்கைந்து மாதம் முன்னதாகவே சொல்லிவிடும். அது அனுப்பும் எண்களை வாங்கி வரைபடம் போடுவதுதான் அன்று என் வேலை.

ஏழு ஆண்டுகளுக்கு முன் அங்கே மிதந்த பழைய மிதவை ஊமையானது.

ஏன் ஊமையானது? பிறகு கரைக்கு இழுத்து வந்தபோது கம்பி அறுந்து கிடந்தது. எண்களைக் கரைக்கு அனுப்பும் அலைவாங்கி ஒடிந்து தொங்கியது. வளையத்தில் ஒரு பச்சைக் கயிற்றுத் துண்டு இறுகிப் போயிருந்தது. இந்தத் துறைமுகத்தில் பச்சைக் கயிறு கட்டும் படகுகள் எவை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையைக் குனிய வேண்டாம், ஐயா. நான் பெயர் சொல்ல வரவில்லை. மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்தில் படகைக் கட்டுவீர்கள். படகு ஆட ஆட, மிதவை உடையும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? இல்லையே! உடைத்தது நீங்கள் என்றால், மறைத்தது யார்?

எங்கள் அலுவலகத்தில் என் மேசை ஜன்னலோரம். திரையில் ஐந்து மிதவைகளுக்கு ஐந்து கட்டங்கள். நடுக் கட்டம் காலி. இயக்குநர் பின்னால் வந்து நின்றார்.

"என்னப்பா இது, பல்லு விழுந்த மாதிரி?"

"மிதவை பேசல சார். 'தகவல் இல்லை'ன்னு போட்டுடறேன்."

"காலியா விட்டா மேலிடத்துல கேள்வி கேப்பாங்க. முப்பது வருஷச் சராசரி இருக்குல்ல? அதைப் போடு."

போட்டேன். ஐந்து மாதம் போட்டேன். முப்பது ஆண்டுக் கடலை ஓர் ஆண்டின் வாயில் ஊற்றி, வாயைத் தைத்தேன். வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? கோபமில்லாத கடல்! குறையில்லாத கடல்! "வழக்கமான மழை" என்று அறிக்கை போனது. ஒரு நாள்கூடத் தகவல் விடுபடாத நிலையம் என்று, அன்றைய இயக்குநரான நம் தலைவர் அவர்களுக்குக் கேடயம் வந்தது. மழை பொய்த்ததும் எனக்கு நிலையத்துக் கிடங்கு வேலை வந்தது. தலைவர் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இன்னும் மூன்று நிமிடம் எனக்கு இருக்கிறது.

அந்த நாளில் என் அத்தான் கூப்பிட்டார். என்னை "கடல் ஜோசியரே" என்றுதான் கூப்பிடுவார்.

"கடல் ஜோசியரே, இந்த வருஷம் எப்படி? பாதி நிலம் போதுமா, முழுசும் போடவா?"

"முழுசும் போடுங்க அத்தான்."

"பொய்யா இருந்தா உன் வீட்டுக்கு வந்து உக்காந்துக்குவேன். உங்க அக்கா சமையல்ல இருந்தாவது தப்பிச்ச மாதிரி இருக்கும்!"

சிரித்தார். நானும் சிரித்தேன். முழு நிலமும் விதைத்தார். மேகம் வரவில்லை. முளைத்தது முழங்கால் உயரத்தில் கருகியது. என் வீட்டுக்கு அவர் வந்து உட்காரவில்லை, அன்னையரே. ஐம்பத்திரண்டு வயதில் நகரத்துச் சிமெண்ட் கிடங்குக்கு மூட்டை தூக்கப் போனார். பதினோராம் நாள் மூட்டை அடுக்கு அவர்மேல் சரிந்தது. அத்தானைப் புதைத்த அன்றைக்கு அக்கா என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் பாதி நிலம் விதைத்திருப்பார். மீதி விதை வீட்டில் இருந்திருக்கும். அவரும் இருந்திருப்பார்.

ஆகவே, படகோட்டிகளே, உங்கள்மேல் எனக்குத் தீராத கோபம். அந்த ஆண்டு மட்டும் ஏன் அத்தனை படகுகள் அங்கே போய்க் கட்டின? ஏன்?

யார் அது? எழுந்து நின்று சொல்லுங்கள், அம்மா. என்ன? "மத்த எங்கேயும் மீன் இல்ல"யா? "தண்ணி சுட்டுச்சு, மீனெல்லாம் ஓடிப்போச்சு, மிச்சம் மீதி அந்த நிழல்லதான் கெடந்துச்சு, எங்க வீட்டுக்காரர் வந்து சொன்னார்" என்கிறீர்களா?

ஒரு நிமிடம். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

கடல் சூடானதால் மீன் போனது. மீன் போனதால் நீங்கள் மிதவைக்குப் போனீர்கள். நீங்கள் போனதால் மிதவை உடைந்தது. மிதவை உடைந்ததால் கடல் சூடானது எங்களுக்குத் தெரியாமல் போனது! அப்படியானால் நாங்கள் தேடிய அந்த எண் இந்தத் துறைமுகத்தில், உங்கள் அடுப்படியில் இருந்திருக்கிறதே! ஏன் அம்மா சொல்லவில்லை?

"எங்ககிட்ட யாரு கேட்டா?"

கேட்டீர்களா சபையோரே? யார் கேட்டார்கள்? இயக்குநர் கேட்கவில்லை. சரி, நான் கேட்டேனா? என் மேசையிலிருந்து இந்தத் துறைமுகம் நடந்துவரும் தூரம். ஏழு ஆண்டு ஒவ்வொருவர் மேலாகக் கோபத்தை வளர்த்தேன். ஒரு நாள்கூட இறங்கி வந்து கேட்கவில்லை. கைதட்டாதீர்கள். இது கைதட்டுகிற இடமில்லை.

பழுது பார்த்துத் திரும்பப் போட்ட பழைய மிதவை நான்கு மாதமாக மறுபடியும் ஊமை. புதியது பேசத் தொடங்குவதற்குள் விதைக்கும் பருவம் முடிந்துவிடும். அதனால் இப்போது கேட்கிறேன். மேடையிலிருந்து கேட்கவில்லை, அக்காவுக்குத் தம்பியாகக் கேட்கிறேன். போன வாரம் மிதவைப் பக்கம் போய்த் திரும்பியவர்கள் யார்? கையைத் தூக்குங்கள். தண்ணீர் எப்படி இருக்கிறது, ஐயா?

"கைய விட்டா வெதுவெதுன்னு இருக்கு. மூணு நாள் போட்டும் வலையில ஒண்ணுமில்ல."

அடுத்த படகு? அதே. நீங்கள்? அதே.

போதும். நன்றி, ஐயா. இத்தனை கை போதும்.

நாளை போகிற மிதவையில் படகைக் கட்டாதீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன், கேட்டுவிட்டேன். தகவல் இல்லாத கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்று நிலையத்தையும் கேட்டுக்கொள்கிறேன். பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், பதில் சொன்ன அந்த அம்மாவுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். வெளியே போய் நான் ஒரு தொலைபேசி பேச வேண்டும். ஒரே வார்த்தைதான்: வேண்டாம்.