கல்லறைத் திருநாள் பட்டியல்

விசாரணை நீதிபதி ஐயா அவர்களுக்கு,

எங்கள் அலுவலக விசாரணை அறையில் ஒரே ஒரு மின்விசிறிதான். அதற்கு நேர் கீழே இன்ஸ்பெக்டர் மணிபாரதி உட்கார்ந்திருந்தார். சன்னலை ஒட்டிய பெஞ்சில் ஏட்டு அரங்கநாதன். கதவோரம் ஸ்டூலில், மடியில் அட்டையோடு, சிறப்புப் பிரிவு ரைட்டர் டேனியலாகிய நான். மரியசுந்தரத்துக்கு உட்கார இடம் கொடுக்கப்படவில்லை.

அவரை வரவழைத்தது நான்தான். இருவருக்கும் வில்லியனூர்ப் பக்கம் ஒரே பங்குக் கோயில். மோட்டார் ரிப்பேர் செய்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வண்டி எடுக்கும்போது என்னைப் பிடித்தார்.

"டேனியலு, கரிக்கலாம்பாக்கம் புது பிளாட்ல ஒரு வூட்டுக்கு மோட்டார் பாக்கப் போனேம்பா. உள்ளாற மூட்டையும் ஒயருமா கெடக்குது. எனக்கு இன்னாவோ சரியாப் படல."

"நாளைக்கு ஆபீசுக்கு வாண்ணே. அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

அவர் சொன்னதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி முடித்தேன். வீட்டு எண்ணும் இருந்தது. போய்ப் பார்க்க அரைமணி நேரம் ஆகியிருக்கும். இன்ஸ்பெக்டர் வேறு விதமாக நினைத்தார். "இவ்ளோ தெரிஞ்சவனுக்கு மிச்சம் தெரியாதாய்யா? கூட்டாளிங்க பேரக் கேளு" என்று அரங்கநாதனிடம் சொன்னார்.

கேட்ட முறையை விவரிக்கத் தேவையில்லை. நான் கை வைக்கவில்லை. இரண்டு முறை தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் நாள் பிற்பகல் அவர் பெயர் சொல்லத் தொடங்கினார். சவரிமுத்து. ஞானாதிக்கம். லூர்துநாதன். மொத்தம் பதினொன்று.

நான்காவது பெயரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்களின் பட்டியலை ஆண்டுதோறும் எழுதிப் படிப்பவன் நான். என் கையெழுத்தைப் பங்குச் சாமியாரே பாராட்டியிருக்கிறார். நான் படிக்கும் அதே வரிசையில் சொன்னார். உயிரோடு இருக்கும் யாரையும் மாட்டிவிடாமல் அடியை நிறுத்த அவருக்கு வேறு வழி தெரியவில்லை. சொல்லும்போது என்னையேதான் பார்த்தார்.

நான் எழுதினேன். சொன்னதை எழுதுவதுதான் ரைட்டர் வேலை.

"வயசு, விலாசம் எங்கய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர். காலியாக விட்டால் மறுபடி தொடங்கியிருப்பார்கள். எங்கள் பங்கில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரில் ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். ஆதாரிலும் அதுதான் இருக்கும். அப்படிப் பார்த்தால் ஏழு பெயருக்கு ஆள் இருந்தார்கள். சவரிமுத்துவுக்கு நேரே, வீட்டில் கிளாட்சன் என்று கூப்பிடும் அவருடைய பேரனின் வயது இருபத்து மூன்றும் தெருவும் எழுதினேன். மற்ற ஆறுக்கும் அப்படியே; ஆள் இல்லாத நான்குக்குத் 'தலைமறைவு' என்று போட்டேன். மரியசுந்தரம் மேல் இருந்த இரக்கத்தால்தான்.

அடுத்த ஐந்து நாள் மொத்தப் பிரிவும் அந்த ஏழு பேர் பின்னால் அலைந்தது. ஆறாம் நாள் காலை, கரிக்கலாம்பாக்கத்து வீட்டிலிருந்து கிளம்பிய மினி வேன் வில்லியனூர் சந்தையில் வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த ஒன்றரைப் பக்கம் கோப்பில் அப்படியே இருக்கிறது. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

மரியசுந்தரத்தால் இப்போது ஸ்பேனர் பிடிக்க முடியாது. அவர் மனைவி செலின் மேரி கோயில் வாசலில் என்னை நிறுத்தினார். "நீ கூப்ட்டேன்னுதான வந்தாரு தம்பி? இனிமே எங்க வூட்டு வாசல்லயே குண்டு இருந்தாலும் ஒங்ககிட்ட எவளும் வாயத் தொறக்கமாட்டா" என்றார். அதன்பின் ஊரிலிருந்து எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை. சுற்றுவட்டாரம் அமைதியாக இருப்பதாக மாத அறிக்கை எழுதி வருகிறேன்.

கிளாட்சன் சிறையில் இருக்கிறான். வேனில் குண்டை ஏற்றியது தான்தான் என்று, குண்டு வெடித்தபின் பிடித்து வந்த நான்காம் நாளில் ஒப்புக்கொண்டான். அதையும் நான்தான் எழுதினேன். திங்கட்கிழமை வழக்கு தொடங்குகிறது. அவன் பெயர் எங்கிருந்து வந்தது என்பது மரியசுந்தரத்துக்கும் எனக்கும்தான் தெரியும். அவர் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தப் பையன் வெளியே வருவதானால் இந்தக் கடிதத்தால்தான் வர முடியும். எழுதிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

அரசு ஊழியன் மேலிடத்துக்கு எழுதும் கடிதம் நேரடி அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். இருபத்தாறு வருட சர்வீசில் நான் முறை தவறியதில்லை. எனவே உறையை ஒட்டி, அரக்கு வைத்து, மேலே 'வழி: இன்ஸ்பெக்டர் மணிபாரதி' என்று எழுதி அவர் மேசையில் வைக்கிறேன். அவர் பார்த்துவிட்டு அனுப்பிவைப்பார்.