ஐடிலுக்கு அர்த்தம் சொன்ன மனுஷன்

…இல்ல, நீயே சொல்லும்மா. கட்டின புருஷன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரேன்னு, "ஏங்க, இப்படி சும்மா ஐடிலா இருக்கீங்களே"ன்னு ஒரு வார்த்தை கேட்டது குத்தமா? உள்ள வா, வாசல்லயே நிக்காத. கீழ் வீட்டுக்குப் புதுசா குடிவந்த பொண்ணுதானே நீ? அந்தத் துணியத் தள்ளிட்டு உக்காரு. என்னமோ கேக்கணும்னு வந்த… கேக்கலாம், கேக்கலாம். இந்தச் சட்டைக் கைய மட்டும் தைச்சுடறேன்.

அவரு அச்சாபீஸ்ல மெய்ப்பு பாத்தவரு. அடுத்தவன் தப்பையெல்லாம் சம்பளம் வாங்கிக்கிட்டுத் திருத்தினவரு. ரிட்டையர் ஆனப்புறம் திருத்தறதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். வேற ஆம்பளையா இருந்தா கோவிச்சுக்குவான், இல்ல எழுந்து ஒரு துரும்பையாவது நகத்துவான். இவரு என்ன பண்ணாரு தெரியுமா? தலகாணி சைசுல ஒரு டிக்‌ஷனரி இருக்கே, அத மடியில தூக்கி வச்சுக்கிட்டு… அது மட்டும் தூக்க முடியுது பாரு… எனக்குப் பாடம் எடுக்கறாரு.

ஐடிலுக்கு ஆதியில 'காலி'ன்னுதான் அர்த்தமாம். உள்ள ஒண்ணுமில்லாம வெறுமையா கெடக்கறது. அப்புறம் ஒண்ணுக்கும் உதவாதது, வெட்டிப் பேச்சு, எல்லாத்துக்கும் அதே வார்த்தையாம். சோம்பேறின்னு திட்டறதுக்கு எடுத்துக்கிட்டது ரொம்பப் பின்னாடிதானாம். ஜெர்மன்காரன்கிட்ட அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு வார்த்தை இருக்காம், அதுக்கு அர்த்தம் தற்பெருமையாம். ரெண்டும் ஒரே வீட்லதான் குடியிருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்னேன். அதுக்கெல்லாம் முன்னாடி எங்கேருந்து வந்துச்சுன்னு எவனுக்கும் தெரியாதாம். எங்கேருந்தோ வரட்டும், வந்து சேந்த எடம் எங்க வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி.

கடைசியா வண்டிக்கு வந்தாரு. நின்ன எடத்துலயே எஞ்சின் உறுமிக்கிட்டிருந்தா அதுவும் ஐடில்தானாம். ஒரு அடி நகராது, எண்ணெய மட்டும் குடிக்கும். அத என்கிட்ட எதுக்கு விளக்கறீங்க, வேளாவேளைக்கு டீ ஊத்தறவ நான்தானேன்னு கேட்டேன். டிக்‌ஷனரியில அடுத்த பக்கத்தத் திருப்பறாரு.

இரும்மா, சொல்லிடறேன்… நான் வேலை குடுக்காமலா இருந்தேன்? பாத்திரம் கழுவறேன்னாரு. ஒரு டம்ளரக் கையில எடுத்தா அடியில என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுத்தான் கழுவுவாரு. அவரு ஒண்ண முடிக்கறதுக்குள்ள நான் ஒரு தொட்டியக் காலி பண்ணிடுவேன். சரி, நவுருங்கன்னுட்டேன். காய் நறுக்கறேன்னாரு. ஒவ்வொரு துண்டையும் அளவெடுத்து நறுக்கினா அடுப்பு எப்ப பத்த வைக்கறது? கத்திய வாங்கிட்டேன். துணி மடிச்சாரு, அவரு மடிச்சத நான் பிரிச்சு மறுபடி மடிச்சேன். கடைசியில என் தையலுக்கே வந்தாரும்மா. பொத்தான் தைக்கறேன்னாரு. எவ்வளவு இறுக்கம்னா, காஜாக்குள்ள நுழையவே மாட்டேங்குது. அவரு முன்னாடியே கத்தரிச்சு எடுத்துட்டு, "நீங்க போய் உக்காருங்க, புண்ணியமா போகும்"னேன். போய் உக்காந்தவருதான்.

இப்ப வீட்டு நாற்காலி போதலன்னு பார்க்குக்கும் போக ஆரம்பிச்சுட்டாரு. காலையில சட்டைய மாட்டிக்கிட்டுப் போறாரு, சாப்பாட்டுக்கு வர்றாரு. அங்க எந்தப் பெஞ்சு பேறு பெத்துச்சோ. ஆனா ஒண்ணு சொல்றேம்மா… எனக்குப் பயமா இருக்கு. சாப்பிடறப்போ ஏதாவது சொல்லிச் சிரிப்பாரு, அது நின்னே போச்சு. நான் இப்படி லொடலொடன்னு கத்தறதே, பதிலுக்கு அவரு கத்த மாட்டாரான்னுதான்.

சரி, நீ எதுக்கு வந்த? ஊசி நூல் ஏதாவது…

கண்ணாடியா? எந்தக் கண்ணாடி?

அவரோட மூக்குக்கண்ணாடியா… அவரு உன் வீட்லயா இருக்காரு?

பார்க்குன்னு சொன்னாரே.

அப்போ இத்தன நாளும் உன் வீட்லதானா… ஆமா, நீ சோப்பு செஞ்சு விக்கறேன்னு சொன்னாங்க. டப்பாவுக்கு லேபிள் ஒட்டறாரா? அவரா? ஒரு லேபிள் ஒட்ட அரை நாள் எடுத்துக்குவாரே, நீ ஒண்ணும் சொல்றதில்லையா?

மெதுவா ஒட்டட்டும்னு விட்டுட்டியா.

பேசறாராம்மா உங்கிட்ட? … சிரிக்கிறாரா?

…

அந்த அலமாரி மேல இருக்கு பாரு, எடுத்துக்கோ. இந்தத் துணியால துடைச்சுக் குடு. சாப்பாட்ட நான் அடுக்குல போட்டு வைக்கறேன், வந்து எடுத்துட்டுப் போ. பசிக்கறப்போ அங்கயே சாப்பிடட்டும்.

நானா? நான் கீழ வரலம்மா. வந்தா ரெண்டு நிமிஷம் பாப்பேன், மூணாவது நிமிஷம் அந்த லேபிள அவரு கையிலேருந்து பிடுங்கிடுவேன்.