பாக்கியம் நிறுத்திய ஊசி

சுங்கைப் பட்டாணியில் கோத்தா கோலா மூடா போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் ஓர் அம்மா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“காதுக்கு மட்டும்தான் வேலையாம், வாய்க்கு வேலை இல்லையாம்!”

நோயாளிகளுக்கே பயிற்சி கொடுத்து, மற்ற நோயாளிகளைப் பேட்டி எடுக்க அனுப்பும் ஆராய்ச்சியில் அவர் சேர்ந்திருக்கிறார் என்பது பேச்சிலிருந்து புரிந்தது. பக்கத்தில் இருந்தவள் இளையவள்.

“யாரு அக்கா அப்படிச் சொன்னது?”

“பயிற்சி கொடுத்த டாக்டர்தான். ரப்பர் தோட்டத்துல நம்ம பாக்கியத்தைப் பேட்டி எடுத்தேன்...”

“பேரைச் சொல்லாதீங்கக்கா, ரகசியம்னு சொல்லியிருக்காங்கல்ல!”

“இருக்கட்டும் லா. காவடி விரதம்னு இன்சுலின் ஊசியையே நிறுத்திட்டா. தல சுத்துது, கண்ணு மங்குதுங்குறா. டாக்டருக்குப் போன் போட்டா, பதிவு மட்டும் பண்ணுங்க, புத்தி சொன்னா ஆராய்ச்சி கெட்டுருங்குறாரு!”

“ரூல்ஸுக்கு ஒத்துக்கிட்டுத்தானே போனீங்க?”

“எனக்கும் இனிப்புநீர் வியாதி, அதனால மனசுவிட்டுப் பேசுவாங்கன்னுதானடி என்னை எடுத்தாங்க. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிகிட்ட மறைச்சதை அவ என்கிட்ட சொல்லிட்டா. கேட்டுட்டு சும்மா எந்திரிச்சு வரணுமா?”

“மீறுனா உங்களை நிறுத்திருவாங்க.”

“நிறுத்தட்டும். அவ மயங்கி விழுந்தா ஆராய்ச்சியா வந்து எழுப்பும்?”

தோட்டத்து முனை வந்ததும் அந்த அம்மா மணியை அழுத்தினார்.

“அக்கா, நாம இறங்குற இடம் இது இல்ல.”

“தெரியும். அவளைக் கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் இறங்கு. பிடிவாதக்காரி, ஒருத்தியா இழுத்தா வரமாட்டா.”

இளையவள் முனகிக்கொண்டே பின்னால் இறங்கினாள்.