வெற்றுவரிக்கு அப்பால் அறுபது வரிசைகள்

மூன்று தீர்மானங்களையும் மூவாயிரம் ஆட்சேபங்களையும் முகம் சுளிக்காமல் தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அளந்து அளந்தே தலை நரைத்த ஆய்வகத்துப் பெரியோர்களே! பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் என்னைப் பார்க்காமல் அமர்ந்திருக்கும் என் அண்ணி அவர்களே! வணக்கம்.

அளவீடுகளைப் பதிந்து வைக்கும் நம் கோப்பு வடிவத்தை விரிவாக்கும் தீர்மானத்தை ஆதரித்துப் பேச வந்தேன். எந்தத் தீர்மானத்தை? மூன்றையும் படித்தேன், மூன்றும் சரியென்றே பட்டன. குழம்பிப் போய் நிற்கிறேன்.

எளிய எழுத்துக் கோப்பு நம்முடையது. வரிக்கு இரண்டே எண்கள்: இடம், அளவு. எந்தக் கணினியும் திறக்கும், எவர் கண்ணும் படிக்கும். உலோகத் தகட்டை ஒரே கோட்டில் அளந்தவரை ஒரு தொல்லையுமில்லை. தகடு முழுவதையும் வருடி அளக்கும் கருவி வந்தது, தலைவலியும் வந்தது. எது குறுக்கு, எது நெடுக்கு? எந்த மூலை முதல் மூலை? ஒரே கோப்பை மூவர் திறந்தோம். ஒருவர் திரையில் தகடு படுத்திருந்தது. இன்னொருவர் திரையில் தலைகீழாக நின்றது.

“உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?” என்று பின்னாலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார். சொல்கிறேன் ஐயா, அதைச் சொல்லத்தான் வாய் வராமல் சுற்றி வளைக்கிறேன்.

அந்தத் தகட்டை அளந்தவர் என் அண்ணி. அறுபத்தொரு வரிசை அளந்தார். பிரிவு தெரியட்டும் என்று ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஒரு வெற்றுவரி விட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கணினி நிரலோ, வெற்றுவரியைக் கண்டால் கோப்பு முடிந்ததென்று கடையைக் கட்டிவிடும். முதல் வரிசையை மட்டும் படித்தது. தகட்டில் குறையில்லை என்றது.

“தம்பி, நடுவுல விரிசல் இருக்குப்பா. கண்ணால பார்த்தேன்” என்றார்.

“கோப்புல இல்லையே அண்ணி” என்றேன்.

அவர் அறிக்கையில் ‘தவறான அளவீடு’ என்று முத்திரை குத்தினோம். ஏழு வாரம் கருவிப் பக்கமே அவரை விடவில்லை. வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். எட்டாம் வாரம், சோதனை மேசையில், அவர் சொன்ன இடத்திலேயே தகடு இரண்டாக உடைந்தது.

குற்றம் யாருடையது? வெற்றுவரி விட்டவருடையதா? வடிவம் வகுத்தவருடையதா? வாய்க்கு வந்ததைச் சொன்னவனுடையதா? முதல் இரண்டில் எனக்கு இன்னும் குழப்பம். மூன்றாவதில் இல்லை.

ஆகவே குறுக்கோ நெடுக்கோ, வாக்களித்துச் சொல்லுங்கள், கட்டுப்படுகிறேன். ஒன்றை மட்டும் சேருங்கள். மொத்தம் எத்தனை வரிசை என்று கோப்பின் தலையிலேயே எழுதட்டும். அத்தனையும் படிக்காத நிரல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ‘நான் முழுதும் படிக்கவில்லை’ என்று சொல்லட்டும். அந்த முத்திரையையும் இன்றே நீக்குங்கள்.

அண்ணி, அன்னிக்கு நான் முழுசா படிக்கலை.

முதல் வரியோடு எழுந்து போகாமல், முடியும்வரை கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.