களிமண் ஊரில் ஒரு புது வழி

— இன்னா டீச்சரம்மா இது? ஏரி கீது, கோயில் கீது, எல்லாம் சரி. என் கழனிக்கு நடுவுல இன்னா ரோடு?

— உக்காருங்க கோதண்டம் ஐயா. மூணாங்கிளாஸ் புள்ளைங்க களிமண்ணுல செஞ்ச நம்ம ஊரு இது. இன்னும் காயல, கை வெச்சிடாதீங்க.

— புள்ளைங்க செஞ்சிதாம். நீங்க சொல்லிக் குடுக்காமயா? நாளைக்கு ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வராரு. இதப் பாத்துட்டு, காலனிக்கு இங்க வழி வுட்டா இன்னான்னு கேட்டார்னா? அடுத்த வாரமே சர்வேக்காரன் சங்கிலியோட வந்து நிப்பான். நான் கேக்கறது நாயந்தானே?

— மழைக்காலத்துல காலனிப் புள்ளைங்க ஏரிக்கரையச் சுத்தி சேத்துல நடந்து வருதுங்க. எல்லப்பன் பொண்ணு கங்கம்மா மணி அடிச்சப்புறந்தான் நுழைவா, பாவாடையெல்லாம் நனைஞ்சி. இப்பத்தான் கொஞ்ச நாளா எப்பிடியோ நேரத்துக்கு வரா. அது எந்த ஊரு நாயம்?

— அதுக்கு நான் இன்னா பண்றது? படிக்க அனுப்பினா மண்ணு பிசைய வெக்கிறீங்க. உங்க வாலாஜாபாத்ல இப்பிடித்தான் பாடம் நடத்துவாங்களா?

— ஏரிய அளந்தா கணக்கு. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா பூகோளம். அதப் பத்தி எழுதினா தமிழ். நாலு நாலு பேரா சேந்து செய்யணும், நாலு பேரும் வராம ஒருத்தரும் மண்ணத் தொடக்கூடாது. நான் போட்டது அந்த சட்டம் மட்டுந்தான். ரோடு நான் போடல.

— சட்டமாம். ஊருல அதான் கொறச்சல். எவனோ தெனம் காலைல என் கழனி வாசல் முள்ளுப்படலத் தொறந்து வுட்டுட்டுப் போறான். காவக்காரன் மண்ணாங்கட்டி தூங்கிட்டான்னு நேத்து வேலைய வுட்டே நிறுத்திட்டேன். தொறக்கறவன் கைல கெடைக்கட்டும், காலை ஒடச்சிடறேன்.

— ஒரு வார்த்தை விசாரிக்காமலேயா மண்ணாங்கட்டிய நிறுத்தினீங்க?

— என் காவக்காரன், என் கழனி. மொதல்ல இந்த ரோட்ட எடுங்க.

— எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்களே பேத்து எடுங்க. புள்ளைங்களக் கூப்புடறேன், அவங்க கண்ணு முன்னால எடுங்க.

— எடுக்கறேன், எனக்கு இன்னா பயம்? கொஞ்சம் இருங்க. தென்னங்குச்சில என் படலக் கூட கட்டி வெச்சிகீறாங்க, தொறந்தாப்புல. இந்த ரெட்ட முடிச்சி நான் போடறது. என் வூட்டு ஆளத் தவிர எவனுக்கும் தெரியாதே. டீச்சரம்மா, இத கட்டினது யாரு?

— வாசல்ல நிக்கிறா பாருங்க. மரகதம், உள்ள வாம்மா. அப்பா கேக்கறாரு.

— நான்தாம்பா கட்டினேன். ரோடும் நான்தான் போட்டேன்.

— நீயா? அப்ப தெனம் காலைல அங்க...

— அதுவும் நான்தான். மண்ணாங்கட்டி தாத்தா தூங்கலப்பா. என்னப் பாத்தா கண்ண மூடிக்குவாரு.

— அடிப்பாவி. காலனிப் பொண்ணுக்கா நம்ம படலத் தொறந்த?

— கங்காவும் எங்க நாலு பேர்ல ஒருத்திப்பா, அவ வராம நாங்க மண்ணத் தொடக்கூடாது இல்ல? என் காலை ஒடச்சிட்டா, நாளைக்குப் படல நீ தொறந்து வுடறியாப்பா?