போறேன் என்றால் உட்கார வேண்டும்

விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் உங்களுக்கும் வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் இன்ஸ்பெக்டர் சார்.

அதைத்தான் நான் விளையாட்டு விதியாக்கினேன். மலைமேல் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப் அருகே ஒரு ஓட்டல் பாருக்கு நான் மேனேஜர். டூரிஸ்ட் வராத புதன்கிழமைகளில் கேரம் போட்டி வைத்தேன். கிளம்புகிறவர் வாய் தவறி ‘போறேன்’ என்றால் திரும்ப உட்கார வேண்டும். ஒரு ரவுண்டு இலவசம், இன்னொரு ஆட்டம். குடித்த நாக்கு தவறாமல் தவறும். ‘வரேன்’ என்று சரியாகச் சொன்னவர்களும் அடுத்த புதன் வந்தார்கள். சொல்லிவிட்டார்கள் அல்லவா.

பொன்னுவேல் மஞ்சக்குட்டை கிராமத்துக்கு ஜீப் ஓட்டுபவர். போன வருஷம் அவர் போதையில் ஓட்டிய ஜீப், வளைவில் என் மனைவி கீர்த்திகாவின் ஸ்கூட்டரை அடித்தது. அவள் அங்கேயே இறந்தாள். அதன்பின் அவர் குடியை விட்டார். ஜாமீனில் வந்ததும் பாருக்கே வந்து என் காலில் விழுந்தார். அவர் மூக்குச்சளி என் ஷூவில் ஒழுகியது.

“எந்திரிங்கண்ணா. ஒரு போர்டு ஆடுங்க,” என்றேன்.

மறுக்க முடியாமல் ஆடினார். முடித்து, “போறேனுங்க தம்பி,” என்றார்.

“உக்காருங்கோ!” என்று பாரே கத்தியது. “இவுரு நாக்குல வசம்பு தேய்க்கோணும்டா!” என்றார் பக்கத்து மேசை மாதையன்.

கிளாஸை நான்தான் கையில் கொடுத்தேன். விதிப்படி.

பிறகு எல்லாப் புதனும் வந்தார். கண் மஞ்சளானது, வயிறு ஊதியது. அவர் தொட்ட காயின்களில் புளித்த வாடை அடித்தது. அவர் மனைவி கண்ணாயி ஒருநாள் வாசலில் நின்றார்.

“ஏனுங்க, ஒரு சொட்டுகூட ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. நொம்ப முடியல. உட்டுருங்க சாமி.”

“ஆட்டத்துக்குத்தாங்க்கா வர்றாரு,” என்றேன்.

போன புதன் அவர் எழுந்தார். நாக்கை அடக்கி நிதானமாகத் தொடங்கினார். “போயிட்டு...” மீதி வரவில்லை. போர்டு முழுக்க ரத்தமாகக் கக்கினார். நான் அதன்மேல் கேரம் பவுடரைத் தூவினேன். பசைபோல் ஆகி, காயின்கள் ஒட்டிக்கொண்டன. எல்லாவற்றையும் துடைத்து முடித்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். சாகட்டும் என்றுதான் கொடுத்தேன் சார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது. கீர்த்திகா இறந்ததும் ஒரு புதன்கிழமை. அன்று என் பாரில் அவர் ஒரே கிளாஸோடு எழுந்தார். “ஊட்டுல காத்துட்டு இருப்பா, போறேனுங்க,” என்றார்.

“உக்காருங்கண்ணா,” என்று முதலில் சொன்னது நான்.

அவள் சாவை ஊரில் விதி என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.